ஜிம்மி சாவில்: தெரிந்தவர்கள் ஏன் பேசவில்லை? கேள்வி பதில்

பிரிட்டனில் பி.பி.சி.யின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் ஜிம்மி சாவில். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர், 'சர்' பட்டம் பெற்றவர். 2011 அக்டோபரில், 84 வயதில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஐ.டி.வி. என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ஆவணப்படம் அவருடைய பாலியல் குற்றங்களை வெளியே கொண்டுவந்தது. சுமார் 450 பேர் தகவல் தந்ததாக 2013 ஜனவரியில் காவல்துறை அறிவித்தது. இதுபற்றி வந்த கேள்விகளில் சில.

மதுரை வாசகர்: ஆள் போய்ச் சேர்ந்த பிறகு புகார் சொல்வது என்ன நியாயம்? உயிரோடு இருந்தபோதே வாய் திறந்திருக்கலாமே?

திறந்தார்கள் ஐயா, கேட்கத்தான் ஆளில்லை. சாவில் நிதி திரட்டிக் கொடுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மட்டும் 60 பேர் பாதிக்கப்பட்டதாக 2015 விசாரணை அறிக்கை சொல்கிறது. அவர்களில் பத்துப் பேர் அப்போதே முறையிட்டிருக்கிறார்கள். முறைப்படி பதிவான ஒரே புகார் 1977இல் ஒரு சிறுமியின் தந்தை கொடுத்தது. மகள் கடுமையாக நோயுற்றிருந்ததால் குடும்பம் அதைத் தொடரவில்லை. மருத்துவமனையாவது காவல்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திருநெல்வேலி வாசகி: கூடவே இருந்தவர்களுக்குமா தெரியாது?

சாவில் வார்டுக்கு வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள் என்று நர்சுகளே சொன்னதாக, அங்கே சிகிச்சை பெற்ற ஒருவர் பின்னாளில் சொன்னார். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? ஆனாலும் அந்த நர்சுகளை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதே மருத்துவமனையின் தண்டுவடச் சிகிச்சை மையத்துக்குச் சுமார் ஒரு கோடி பவுண்டு திரட்டிக் கொடுத்தவர் சாவில். அங்கே அவருக்குத் தனி அலுவலகமே இருந்தது. அப்படிப்பட்டவர்மீது ஒரு நர்சு யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? பி.பி.சி. பற்றி முன்னாள் நீதிபதி ஜேனட் ஸ்மித் தந்த அறிக்கையிலும் (2016) இதே கதைதான்: ஊழியர்கள் சிலருக்குத் தெரியும், பயத்தில் மேலிடத்துக்குச் சொல்லவில்லை.

சென்னை, சட்டக் கல்லூரி மாணவி: போலீஸ் விசாரிக்கவே இல்லையா?

விசாரித்தது. எனக்கு ஆறாத கோபமும் அதில்தான். 2009இல் இங்கிலாந்தின் சரே மாவட்டக் காவல்துறை சாவிலை விசாரித்தது, அதுவும் அதே மருத்துவமனையில் இருந்த அவருடைய அலுவலகத்திலேயே! எல்லாவற்றையும் மறுத்தார். மறுபக்கம், அவர்மீது குற்றம் சொன்ன பெண்களிடம் தனித்தனியாகப் பேசிய அதிகாரிகள், வேறு பெண்களும் இதே மனிதர்மீது குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். தனியாக நீதிமன்றம் ஏற யாருக்குத் துணிவு வரும்? பெண்கள் பின்வாங்கினார்கள், வழக்கு கைவிடப்பட்டது. விவரம் தெரிந்திருந்தால் அவர்கள் சாட்சி சொல்ல முன்வந்திருக்கக்கூடும் என்று அரசு வழக்குத்துறையின் அலிசன் லெவிட் 2013இல் எழுதினார். மௌனம் காத்தவர்கள் பட்டியலில் காவல்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: பி.பி.சி. நிருபர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா?

இல்லை. பி.பி.சி.யின் 'நியூஸ்நைட்' செய்தி நிகழ்ச்சிக் குழு 2011 இறுதியிலேயே சாட்சிகளைத் தேடிப் பிடித்துவிட்டது. அந்தச் செய்தியை ஆசிரியர் கைவிட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சாவிலுக்கு அஞ்சலி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

சேலம் வாசகர்: 'சர்' பட்டத்தைப் பறித்தார்களா?

பறிக்க வழியில்லை. ஆள் இறந்ததும் பட்டமும் காலாவதி.

தஞ்சாவூர் வாசகர்: நம் நாட்டில் இறந்தவரைப் பற்றி இப்படி எழுதினால் வழக்கு வருமா?

வரலாம். இங்கிலாந்தில் இறந்தவருக்கு அவதூறு என்று எதுவும் கிடையாது. சாவில் இறந்ததும் பத்திரிகைகளுக்குத் துணிச்சல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவில் பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவு, குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கில் இறந்தவர்மீது சுமத்தும் பழியையும் குற்றவியல் அவதூறில் சேர்க்கிறது. சொன்னது உண்மை, சொன்னது பொதுநலனுக்காக என்ற இரண்டையும் எழுதியவர்தான் நிரூபிக்க வேண்டும்.