12 வருடமாக நிற்கும் யெஸ்டி ரோட்கிங்கை மறுபடி ஓட வைத்து, கஃபே ரேசராக மாற்றலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: பெரியப்பாவின் 1988 மாடல் ரோட்கிங், 12 வருடமாக மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் இறங்குகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கஃபே ரேசராக (தாழ்ந்த ஹேண்டில்பாரும் ஒற்றை சீட்டுமாக, பந்தய வண்டி மாதிரி) மாற்ற பெயிண்ட், சீட், சைலன்சர் மூன்றில் எதில் கை வைப்பது என்று கேட்கிறீர்கள்.

மூன்றிலும் இப்போது வேண்டாம். இன்ஜினை இறக்கி கிராங்கை (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பாருங்கள். அதுவரை தயவுசெய்து கிக்கரை மிதிக்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பதும் ரோட்கிங்தான், 1986 மாடல். அப்பா கோவை சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் வரும்போது தெரு முனையிலேயே சத்தம் கேட்கும். அம்மா எழுந்து போய் தோசைக்கல்லைப் போடுவார். அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒன்பது வருடம் அது மாடிப்படிக்குக் கீழே நின்றது. 2019இல் நான் வெளியே எடுத்தேன். எடுத்த வேகத்தில் முதலில் செய்தது பெயிண்டும் குரோமும். பதினோராயிரம் ரூபாய் ஆனது. டேங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. அப்புறம் பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பாலக்காடு ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் கூடப் போகவில்லை. பின்னால் வெள்ளைப் புகை மூட்டம். பக்கத்துப் பட்டறையில் பிளாக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) கழற்றி, உள்சுவரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டித் தந்தார்கள். அடுத்த வாரமே மதுக்கரை தாண்டி இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி ரோட்டில் கோடு போட்டபடி நின்றது. கிளட்சைப் பிடிக்கத் தோன்றியதால் விழாமல் தப்பினேன்.

பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் மூன்று துண்டு. ரோட்கிங் டூ ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக் பிளாக்கின் சுவரில் புகை போகவும் பெட்ரோல் கலவை வரவும் ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும். போர் போட்டால் அந்த ஓட்டைகளின் விளிம்பு பிளேடு மாதிரி கூராகிவிடும். அதைச் சின்ன அரத்தாலோ உப்புத்தாளாலோ மழுக்கிவிட வேண்டும். மழுக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ரிங் அதில் போய்த் தட்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வேலை மட்டுமே பார்த்த கைகளுக்கு இது பழக்கமில்லை. சுவரில் ஓட்டை இல்லாத பிளாக்கைத்தான் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். போர் போடக் கொடுக்கும் இடத்தில் "போர்ட் விளிம்பை மழுக்குவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முழித்தால் பிளாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெள்ளைப் புகைக்குக் காரணம் பிளாக்கே இல்லை. அது பிறகுதான் எனக்குப் புரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறும். அந்த அறை ஒரு பம்ப். பம்ப் என்றால் காற்று ஒழுகக் கூடாது. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள்தான் காவல். வண்டி வருடக்கணக்கில் நின்றால் அவை காய்ந்து கட்டையாகிவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். அதுதான் வெள்ளைப் புகை. பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சுவிட்ச்) இருக்கும் பக்கத்து சீல் போனால் இன்னும் மோசம். வெளிக்காற்றை இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறையும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் பிஸ்டன் உருகிப் பிடிக்கும். எனக்கு இரண்டு சீலும் போயிருந்தன.

இதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருக்கிற ரப்பர் பல்பும் முள் காட்டும் மீட்டரும் போதும். பழைய டியூபை வெட்டி சைலன்சர் வாய்கள் இரண்டையும் அடைத்துவிடுங்கள் (ரோட்கிங்கில் ஒரே பிளாக்குக்கு இரண்டு சைலன்சர் என்பதை மறக்க வேண்டாம்). கார்புரேட்டர் வாயில் ஒரு அடைப்பான் வைத்து அதன் வழியாக பல்பின் குழாயைச் செருகுங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். முள் 250க்கு வரும்வரை மெதுவாக அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். நின்றால் நல்லது. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவித் தேடுங்கள். எங்கேயும் குமிழி வராமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்கம் உள்ளுக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரு நண்பர் சொல்லி மைசூருக்கு இன்ஜினை எடுத்துப் போனேன். இந்த வண்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜாவாவாக ஆரம்பித்து, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டி வந்தது. 1978இல் ரோட்கிங். 1996இல் கதவு மூடப்பட்டது. மூடி இவ்வளவு காலம் ஆகியும் அந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு இந்த இன்ஜினைப் பிரிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பூர்வீகம் சத்தியமங்கலம் பக்கம் என்பதால் நம் தமிழிலேயே பேசினார். டேங்கின் பெயிண்ட் போட்டோவை நான் பெருமையாகக் காட்டினேன். "பெயிண்ட் எங்கீங்க தம்பி ஓடிப்போகுது? மொதல்ல கிராங்கை எறக்கிப் பாத்துருவோம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன் ராடின் கீழ் முனையில் ஆட்டம் இருந்தது. பிரஸ்ஸில் வைத்து கிராங்கைப் பிரித்து, புது பின், புது பேரிங், புது ராடு போட்டுத் திரும்ப அழுத்தினார்கள். வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் கிராங்கின் இரண்டு நுனியையும் தாங்கியில் உட்கார வைத்து, டயல் கேஜின் முள்ளை அதன் மேல் தொட வைத்து, விரலால் மெல்ல உருட்டினார். முள் பதினான்கு கோடு ஆடியது. ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். செம்புச் சுத்தியலால் ஒரே அடி. மறுபடி உருட்டினார். ஒன்பது. மறுபடி சாக்பீஸ், மறுபடி ஒரு அடி. ஆறு. டீ வந்தது, குடித்தார், டீ தம்ளரை வைத்த கையாலேயே இன்னொரு அடி. இரண்டில் முள் நின்றது. "இதுக்கு மேல ஆசைப்படக் கூடாதுங்க" என்று துணியால் துடைத்து என் கையில் வைத்தார். முக்கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போதும் ஹேண்டில்பாரில் அதிர்வே தெரியாது. மொத்தத்தில் பதினான்கு மாதம், அறுபதாயிரத்தை ஒட்டிச் செலவு. அதில் முதலில் போட்ட பெயிண்ட் கணக்கில் சேரவில்லை. இன்ஜினை ஏற்றி இறக்கியதில் ஃபிரேமெல்லாம் கீறி, இரண்டாவது முறை அடிக்க வேண்டி வந்தது.

சரி, கஃபே ரேசர் ஆசைக்கு வருகிறேன். ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சைலன்சரில் மட்டும் விளையாட வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சைலன்சர் பெரும்பாலும் சத்தத்தை அடக்கத்தான். டூ ஸ்ட்ரோக்கில் அது இன்ஜினின் பாதி. வெளியே போகும் புகையோடு எரியாத புதுக் கலவையும் கொஞ்சம் ஓடிப்போகப் பார்க்கும். குழாயின் வடிவத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை அதைத் தடுத்து உள்ளே தள்ளும். யமஹா ஆர்எக்ஸ் 100க்கு வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டுகிறார்களே, அந்த வயிறு அழகுக்காக இல்லை, எந்த வேகத்தில் அலை திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டது. அதை மாட்டினால் கார்புரேட்டர் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் துளை) மாற்ற வேண்டும். 1985இல் வந்த அந்த 98 சிசி வண்டி 11 குதிரைத்திறன் கொடுத்ததற்கு இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் காரணம். சத்தத்துக்காக உள்குழாயை உருவிப் போட்டால், கீழ் வேகத்தில் இழுவை போய்விடும், கலவையும் பொருத்தம் தவறி இன்ஜின் சூடேறும். ரோட்கிங்கின் இரட்டை சைலன்சர் கொடுக்கும் அந்தத் தாளத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கரி அடைத்திருந்தால் உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து அப்படியே திரும்பப் போடுங்கள்.

ஃபிரேமின் பின்பக்கத்தை வெட்டுவதும் வேண்டாம். வெட்டினால் திரும்ப வராது, சட்டமும் அனுமதிக்காது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கலர் மாற்றினாலும் அப்படித்தான். டிங்கரிங் செய்பவர் சேஸ் நம்பரின் மேல் கிரைண்டரை ஓட்டிவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு 15 வருடத்தோடு முடிந்திருக்கும், ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் என்பதால் உங்களுடையது அதில் வராது. பெரியப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி.யை அவர் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

போல்ட்டைக் கழற்றி மாட்டக்கூடிய எதையும் தாராளமாக மாற்றுங்கள்: சீட், ஹேண்டில்பார், கண்ணாடி, இண்டிகேட்டர். கழற்றிய பழசை காயலான் கடைக்குப் போடாமல் சாக்குப் பையில் கட்டி வையுங்கள். ஒரிஜினல் ரோட்கிங் சீட்டுக்கும் டேங்க் பட்டைக்கும் இன்று அலைகிறவர்களை எனக்குத் தெரியும். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா யெஸ்டி நாளில் எந்த ஊர்க் கூட்டத்துக்காவது போய்ப் பாருங்கள். வெட்டி மாற்றிய வண்டியைச் சுற்றி நிற்பவர்களைவிட, கிக்கரே கியர் லீவராக மடங்குகிற அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் கூட்டம்தான் அதிகம். அந்த ஒரே லீவரை நீங்கள் ஒரு மழைக்காலம் முழுக்க மிதித்துப் பழகிய பிறகும் கஃபே ரேசர் ஆசை இருந்தால், அப்போது செய்யுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். நான் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) கலக்கிறேன், புது பிஸ்டன் போட்ட முதல் 500 கிலோமீட்டருக்கு 50 கலந்தேன். அதற்கு மேல் ஊற்றினால் பாதுகாப்பு அதிகமாகாது. ஆயில் கூடக் கூட அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், அதுவும் சூட்டில்தான் கொண்டு விடும்.

இந்த ஞாயிறு செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக நாலு ஸ்பூன் 2டி ஆயிலை விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல இரண்டு சுற்று சுற்றுங்கள். கரகரவென்று மணல் அரைக்கிற மாதிரி கையில் தெரிந்தால் உள்ளே பேரிங் துருப்பிடித்திருக்கிறது, அதோடு நிறுத்திவிடுங்கள். சைலன்சரைக் கழற்றினால் அந்த வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்து அதை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.