ஈன்ற பன்றிக்குத் தவிட்டைக் கூட்டலாமா?

கேள்வி: குட்டி ஈனும் சமயத்தில் என் தாய்ப்பன்றிகளுக்குச் சாணம் கல்லாக இறுகிவிடுகிறது. பால் இறங்கத் தாமதமாகிறது. பன்னிரண்டு குட்டிகளில் மூன்று நான்கு தேறுவதில்லை. ஈன்றதும் தவிட்டைக் கூட்டச் சொல்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: தவிடு உதவும். ஆனால் ஈன்ற பிறகு தொடங்கினால் பிந்திவிட்டது என்று பொருள். அதைச் சினைக்காலத்திலேயே பழக்க வேண்டும்.

தவிட்டில் நிறைய இருப்பது நார்ச்சத்து. அதை உடைக்கும் நொதி பன்றியின் உடம்பில் சுரப்பதில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவை இரத்தத்தில் கலந்து ஆற்றலாகின்றன. பியூட்டிரேட்டைப் பெருங்குடல் சுவரின் செல்களே முதலில் எடுத்துக்கொள்கின்றன. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். அதன் நடுப்பகுதியிலிருந்தே தீவனத்தில் 15 முதல் 20 விழுக்காடு கோதுமைத் தவிடு சேர்த்து வாருங்கள். சோயா தோல், குதிரை மசால், சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை கிடைத்தால் கலந்து கொடுக்கலாம். தவிடு சாணத்தை இளக்கும். சோயா தோலும் சர்க்கரை பீட் சக்கையும் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. இரண்டும் வேண்டும்.

ஈனும் நாளில்தான் இதன் அருமை தெரியும். மாவுச்சத்து சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாரிலிருந்து வரும் அமிலங்கள் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருக்கும். கடைசியாகத் தின்று வெகுநேரம் ஆன பன்றிக்கு வலி தொடங்கினால் கருப்பை சோர்ந்துபோகும், ஈற்று நீளும், குட்டி செத்துப் பிறக்கும் வாய்ப்பு கூடும். அதனால் கடைசி நாள்களில் அன்றாடத் தீவனத்தை மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். ஈனப்போகிறதே என்று பட்டினி போட வேண்டாம்.

சாணத்தைக் காலையில் கையுறையோடு எடுத்து அழுத்திப் பாருங்கள். உருவம் கலையாமல் மெத்தென்று அமுங்கினால் நல்லது. ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, மேலே சவ்வு பளபளத்தால் மலச்சிக்கல். தேங்கிய மலத்திலிருந்து பாக்டீரியா நஞ்சு இரத்தத்தில் ஏறினால் பால் சுரப்பு குறையும், மடி வீங்கும். காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, மடி சூடாகிக் கெட்டிப்பட்டாலோ தவிட்டை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். நார் நீரை உறிஞ்சித்தான் சாணத்தை இளக்குகிறது. நீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். பால் கொடுக்கும் பன்றி நாளுக்கு 20 முதல் 35 லிட்டர் குடிக்கும். குடிநீர் நிப்பிளில் நிமிடத்துக்கு 2 லிட்டராவது வருகிறதா என்று ஒரு பாத்திரம் பிடித்து அளந்து பாருங்கள். பல பண்ணைகளில் குறை அங்கேதான் இருக்கும்.

பால் காலத்தில் கணக்கு வேறு. நல்ல தாய் நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் பால் சுரக்கும். அதற்கு அடர்த்தியான தீவனம் வேண்டும். தவிடு வயிற்றை அடைத்துக்கொண்டால் தாய் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், அடுத்த சினைப்பருவம் தள்ளிப்போகும். ஈன்ற சில நாள்களில் தவிட்டைப் படிப்படியாக 5 முதல் 10 விழுக்காட்டுக்கு இறக்குங்கள்.

குட்டிகளுக்கு என்ன லாபம்? பாலில் நார் கிடையாது. ஆனால் அவை தாயின் காம்பிலிருந்தும் தோலிலிருந்தும், மூக்கை நுழைத்துச் சுவைக்கும் தாயின் சாணத்திலிருந்தும் நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. தாயின் குடல் நலமாக இருந்தால் அவற்றுக்கும் நல்ல தொடக்கம். குட்டி எடையில் எவ்வளவு கூடும் என்பதில் சோதனைகள் ஒரே விடை தரவில்லை. பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். உங்கள் பண்ணையில் தேறாத மூன்று நான்கு குட்டிகளுக்கு முதல் நாள் சீம்பால் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். பன்றிக்குட்டி நோய் எதிர்ப்பு இல்லாமலே பிறக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் 200 கிராமாவது சீம்பால் உள்ளே போக வேண்டும். வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான பெட்டியில் ஒதுக்கி, சிறியவற்றை நிதானமாகக் குடிக்க விடுங்கள்.

தவிட்டை வாங்கும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ சிக்கு வாடையோ அடித்தால் சினைப்பன்றியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.