விற்கப்படும் வீடு, அளக்கப்படாத நகரம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலையில் டைக் வீதிக்கு அண்மையில், என் பூட்டனார் கட்டிய வீட்டில் நானும் என் தாயாரும் வாழ்ந்து வருகிறோம். மரத்தூண்கள் நிற்கும் முன்விறாந்தை, நடுவில் ஒரு முற்றம், பின்னால் கிணறும் இரண்டு மாமரங்களும் உள்ள வளவு. என் சகோதரர்கள் மூவரும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டை இடித்து நான்கு மாடி விடுதி கட்ட விரும்பும் ஒருவர் நல்ல விலை பேசியிருக்கிறார். சகோதரர்கள் சம்மதித்துவிட்டார்கள். என் கையெழுத்து மட்டுமே மிச்சமிருக்கிறது.

துறைமுக நகரங்களின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டைப் படம் எடுக்க வருகிறவர்கள் பலர். மாரிக்கு முன் கூரையில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றித்தர வருகிறவர் ஒருவரும் இல்லை. இதை நான் விற்பது பிழையா? கோட்டையும் கோயிலும் இருக்கும்போது எங்களைப் போன்றவர்களின் சாதாரண வீடுகளையும் மரபுரிமை என்று சொல்லி எங்கள் தலையில் பாரமேற்றுவது ஏன்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருகோணமலை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கட்டுரையில் கூரை ஓடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை உங்கள் கடிதத்தைப் படித்த பிறகே உணர்ந்தேன். முதற் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். விற்பது பிழை இல்லை. முதுமையடைந்த தாயாரோடு, ஒழுகும் கூரையின் கீழே, ஊருக்காக ஒரு வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும்படி உங்களிடம் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்கள் வாசலில் நின்று படம் எடுப்பவருக்கும் இல்லை.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டையும் கோயிலும் போதாதா என்று கேட்கிறீர்கள். அந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடப்பவை என்பது நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1803இல் பிரெட்றிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாயிலைக் கடக்கும்போது, கயல் பொறித்த கல்லையும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியையும் பறங்கியரான போர்த்துக்கேயரையும் பற்றிச் சொல்லும் சிதைந்த தமிழ் வரிகளையும் நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். இடித்தவர்கள் கட்டிய சுவர்தான் இடிக்கப்பட்டதன் சாட்சியையும் சுமந்து நிற்கிறது. அந்தச் சுவரைக் காப்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் கோட்டை சொல்லுவது இந்தத் துறைமுகத்தைப் பிடித்தவர்களின் கதையை. போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், 1782இல் பிரெஞ்சுக்காரரும், பிறகு 1957 வரை ஆங்கிலேயக் கடற்படையும் ஒருவர் பின் ஒருவராக வந்து போன காலமெல்லாம், கப்பலுக்கு நீர் ஏற்றியவர்களும், வலை இழுத்தவர்களும், கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர்களும், பலசரக்குக் கடை வைத்தவர்களும் எங்கே உறங்கி எழுந்தார்கள் என்பதைக் கோட்டை சொல்லாது. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள்தான் அதைச் சொல்லும். ஏழாம் நூற்றாண்டில், கோணேசர் கோயில் நிற்கும் கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரும் மலையையும் இறைவனையும் மட்டும் பாடி நிறுத்தவில்லை. முத்துகளைச் சுமந்து வரும் கடல் நெருங்குகின்ற குடியிருப்பையும் சேர்த்தே பாடினார். அந்தக் குடியிருப்பை விட்டுவிட்டு மலையை மட்டும் காப்பது எனக்குப் பாதி வேலையாகவே படுகிறது.

சட்டம் இந்தப் பாதியைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. நம்முடைய தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1940ஆம் ஆண்டினது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன 1815 மார்ச் 2ஆம் திகதியை அது எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்குப் பின் எழுந்த கட்டடம் ஒன்று பாதுகாப்புப் பெற வேண்டுமானால் அதைத் தனியே வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். உங்கள் பூட்டனார் கட்டிய வீடு அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்பது. நாளை காலை அதை இடித்தாலும் அந்தச் சட்டத்தில் கேள்வி எழாது.

இதைச் சொல்லும்போது நம் ஊரில் யாரும் எளிதில் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிழக்கில் 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்ற பயம் வருகிறது. 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளுக்காக ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமிக்கப்பட்டவர்களில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. அதைக் கண்ட மக்கள், தங்கள் வளவில் பழைய செங்கல் ஒன்று கிடைத்தால் அதை மண்ணால் மூடிவிடுவதே பாதுகாப்பு என்று எண்ணுவதில் வியப்பில்லை. மரபுரிமை என்ற பெயரால் வருகிறவர் தன் வீட்டைத் தன்னிடமிருந்து எடுக்க வருகிறாரா, தன்னோடு சேர்ந்து காக்க வருகிறாரா என்ற ஐயம் தீராத வரைக்கும் எந்தப் பட்டியலும் இங்கே வேரூன்றாது. ஆகவேதான், பட்டியல் இடும் வேலை வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, அவருடைய கையாலேயே தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இடிப்பதைவிட மெதுவாக, ஆனால் அதே அளவுக்கு உறுதியாக, ஒரு வீட்டை அழிக்கும் இன்னொன்று இருக்கிறது. அதை என் அம்மம்மாவின் வீட்டில் கண்டேன். திருக்கடலூரில் இருந்த அந்தச் சிறிய வீட்டின் சுவர்கள் கடலின் பவளப்பாறையான முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, உதவி செய்ய வந்த ஒரு நிறுவனம் நல்லெண்ணத்தோடுதான் கீழ்ச்சுவர் முழுவதையும் சீமெந்தால் பூசிக் கொடுத்தது. இரண்டு மாரிகள் கழிந்தன. பூச்சு வயிறு ஊதினாற்போல வெளியே தள்ளி நின்றது. விரலால் அமுக்கினேன், பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே வெள்ளை மாவு போல உப்புப் பூத்திருந்தது. அதற்குப் பின்னால், சிறு நட்சத்திரங்களைப் பதித்தது போன்ற துளைகளோடு முருகைக்கல் ஈரமாக, கைபட்டால் உதிரும் நிலையில் இருந்தது.

ஊரில் இருந்த வயதான மேசன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சுவர் மூச்சு விட வழியில்லாமல் போச்சு, தம்பி" என்றார். கடற்கரை மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஓரிடத்தில் உப்புப் பூத்தால் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி வெள்ளை அடித்தால் போதும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக இடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. அதோடு போகும் உப்பு உள்ளே கட்டியாகி, கல்லைச் சிறிது சிறிதாக உடைக்கிறது. அந்த வீட்டை யாரும் இடிக்கவில்லை. ஆறாம் ஆண்டில் ஒரு பக்கச் சுவர் தானாகவே சரிந்தது.

பெரிய கட்டடங்களுக்கும் கைவிடப்பட்ட நிலையில் இதே கதிதான். புதுச்சேரியின் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபமான மேரி கட்டடம், நெடுங்காலம் பராமரிப்பின்றி நின்று, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அதே இடத்தில் பழைய தோற்றத்தில் புதிய கட்டடம் நிற்கிறது. அதே நகரத்தின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில் வேறுவிதமான வேலை நடந்தது. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீடுகளின் முகப்பைச் சீரமைக்கும் செலவில் ஒரு பங்கை உரிமையாளருக்குக் கொடுத்து, வீதி முழுவதையும் சேர்த்துத் திருத்தினார்கள். மேரி விழுந்ததைவிட இந்தச் செய்தியே உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. கூரையில் ஏற ஆள் இல்லை என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த ஏணிக்கான கூலியில் பாதியை ஊர் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த வீதி ஒரு சான்று.

காப்பாற்றப்பட்ட நகரமும் தன் மக்களை இழக்கக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுவர்கள் நின்றன, ஓடுகள் நின்றன. ஆனால் வீட்டு விலை ஏறிய வேகத்தில் பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேற, அவர்களுடைய வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. தமிழரும் நெடுங்காலமாக வாழும் பினாங்கின் ஜோர்ஜ் டவுனில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டோடு நீங்கியதும், தலைமுறையாக அங்கே கடையும் வீடுமாக இருந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2008இல், அந்த நகரமும் பட்டியலில் சேர்ந்தது. திருகோணமலைக்கு அப்படி ஒரு வெற்றி வருமானால் நான் மகிழமாட்டேன்.

புதிய அபிவிருத்தியை நான் எதிர்க்கவில்லை. துறைமுகத்துக்கு வேலை வர வேண்டும், விடுதிகளும் வர வேண்டும், நம் பிள்ளைகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போகாமல் இங்கேயே உழைக்க வழி வேண்டும். என்னை உறுத்துவது வேறொன்று. நம் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் எஞ்சி நிற்பவை 99. 2022 ஜனவரியில் உடன்படிக்கை எழுதியபோது, 14 தாங்கிகள் இந்திய நிறுவனத்திடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம் என்று ஒன்று விடாமல் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் இரும்புத் தாங்கி ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. நம் வீதிகளின் பழைய வீடுகளுக்கு அப்படி ஒரு கணக்கு, ஊர்மக்கள் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய வடிவில், என் கண்ணில் பட்டதில்லை. எத்தனை வீடு நின்றது, எத்தனை போயிற்று என்று தெரியாத நிலையில், எதைக் காப்பது, எதை விடுவது என்று நாம் எந்த அடிப்படையில் வாதாட முடியும்?

ஆகவே, நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வீட்டை அளந்துவிடுங்கள். நில அளவையாளரின் வரைபடம் காணியின் எல்லையைத்தான் காட்டும். எனக்கு வேண்டியது அறைகளின் நீள அகலம், சுவரின் தடிப்பு, தூண்களின் இடைவெளி, முற்றத்துக்கு மழைநீர் இறங்கும் வழி, குசினியின் புகைபோக்கி. பழைய காணி உறுதிகளையும் படியெடுத்து வையுங்கள். அவற்றில் எல்லை குறிக்கும் பகுதியில் இன்று வழக்கில் இல்லாத அயல்வளவுப் பெயர்களும் ஒழுங்கைப் பெயர்களும் இருக்கும்.

அடுத்தது, வாங்குகிறவரோடு பேசிப் பாருங்கள். முன்விறாந்தையையும் அதை ஒட்டிய அறைகளையும் விட்டுவிட்டு, பின்வளவில் மாடி எழுப்ப முடியாதா என்று கேளுங்கள். விடுதி நடத்துகிறவருக்கு அந்த முகப்பு நட்டம் தராது. அவர் மறுத்தால், கழற்றும் மரத்தையும் ஓடுகளையும் முருகைக்கல்லையும் பள்ளம் நிரப்பக் கொடுக்காமல் வீடு திருத்துகிற அயலவருக்குக் கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கடலில் முருகைக்கல் அகழ்வது இன்று தடை; அது தடையாகத்தான் இருக்க வேண்டும். எனவே உங்கள் சுவரில் இருப்பதைப் போன்ற கல் இனி எந்தச் சுவருக்கும் புதிதாகக் கிடைக்காது.

மூன்றாவது, அத்திவாரம் வெட்டும் நாட்களில் யாராவது அருகில் நின்று பார்க்க வேண்டும். 1950இல் இந்த ஊரில் கிணறு வெட்டியபோதுதான் கோணேசர் கோயிலின் புதைந்த செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றைத் தேடி யாரும் வெட்டவில்லை. தண்ணீருக்காக வெட்டினார்கள். கோயில் இருந்த இடத்துக்கு அண்மையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் குடியிருக்கும் மண்ணில், நான்கு மாடிக்கான குழியை இயந்திரம் ஒரே நாளில் தோண்டிவிடும்.

அளவெடுக்கும் நாளை எனக்கு எழுதுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னதாக இருந்தால் நல்லது. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க நானே வருகிறேன், அன்று கூரையில் ஏற ஓர் ஓட்டு வேலைக்காரரையும் கூட்டி வருகிறேன். வீடு யார் கைக்குப் போனாலும் உங்கள் தாயார் இந்த மாரியை அங்கேதானே கழிக்க வேண்டும்.

அன்புடன்.