நண்டின் கண்ணை வெட்டினால் எடை கூடுமா?

கேள்வி: கிண்ணியாவில் களப்பு நண்டுகளைப் பெட்டியில் வைத்துக் கொழுக்க விடுகிறேன். ஒற்றைக் கண்ணை வெட்டிவிட்டால் சீக்கிரம் ஓடு கழற்றி எடை போடும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். விற்கிற நண்டுக்குச் சதை ஏற வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் நிச்சயமாக வேண்டாம்.

உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஓடு கழற்றுவதைத் தடுத்து வைக்கும் ஓமோன் ஒன்று, கண்ணைத் தாங்கும் காம்புக்குள் சுரக்கிறது. காம்பை வெட்டினால் அந்தத் தடை தளரும். ஆனால் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றும் ஓமோனும் அங்கேதான் சுரக்கிறது. இரண்டும் ஒரே மரபணுக் குடும்பம். இறால் வகைகளில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் பல பிரதிகளாகவே கிடக்கின்றன. கத்தி இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து எடுக்காது. மிஞ்சியிருக்கும் ஒரு கண் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டியதுதான்.

இந்தக் குளுக்கோசு ஓமோன் ஏறக்குறைய 72 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். ஐரோப்பியக் கரை நண்டில் ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. ஒரே மரபணுவின் செய்தியை வேறுவிதமாக வெட்டி ஒட்டி, நண்டு இரண்டு பொருள்களைச் செய்கிறது. முதல் 40 அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஒன்றே, அப்புறம் வேறு. கண் காம்பில் வருவது குளுக்கோசை ஏற்றும். இதயத்தை அடுத்த உறுப்பில் வருவது ஏற்றாது. அதே நண்டில் 1999இல் இன்னொன்றும் வெளியானது: ஓடு கழற்றும் நேரத்தில் குடல் பகுதியிலிருந்து இந்த ஓமோன் பெருமளவில் வெளிப்பட்டு, உடல் தண்ணீரை உறிஞ்சி உப்ப உதவுகிறது.

உங்களுக்கு வேண்டிய பதிலும் இதில்தான் இருக்கிறது. ஓடு கழற்றிய நண்டு பெரிதாகத் தெரிவது தண்ணீரால். கால் அடியில், வயிற்றுப் பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே சதை இல்லை, வியாபாரியும் அதைத்தான் அழுத்திப் பார்த்து விலையைக் குறைப்பார். கொழுக்க வைப்பது என்பது இப்படிப்பட்ட நண்டுக்குத் தீனி போட்டுச் சதை ஏற்றுவதே. கண்ணை வெட்டி மறுபடி ஓடு கழற்ற வைத்தால் வேலை திரும்பவும் முதலிலிருந்துதான். மென்மையான ஓட்டோடு விற்கிற தொழில் வேறு. அதற்கான கணக்கும் வேறு.

இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கண் காம்பை அகற்றுவது உண்மை. தாய் இறால் முட்டை வைக்கத்தான் அதைச் செய்கிறார்கள், எடைக்காக அல்ல. அதற்குப் பதிலாகச் சூலகம் முதிர்வதைத் தடுக்கும் மரபணுவை மட்டும் ஊசி மூலம் அடக்கும் முறையைத் தாய்லாந்தில் கறுப்புப் புலி இறாலில் சோதித்தும் இருக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் குளுக்கோசு ஓமோனை வீணாகத் தூண்டாமல் இருப்பது. நண்டைத் தண்ணீருக்கு வெளியே வெயிலில் வைத்தால் இரத்தத்தில் குளுக்கோசு ஏறும், உடலில் சேர்த்து வைத்த சக்தி கரையும். கட்டிய நண்டை ஈரச் சாக்கில் மூடி நிழலில் வையுங்கள். பெட்டிக்குள் ஒன்றையொன்று கடிக்காதபடி தனித்தனித் தடுப்பு வேண்டும். சூடையோ மட்டிச் சதையோ மாலையில் போடுங்கள். மிச்சத்தைக் காலையில் அள்ளிவிடுங்கள். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கும்போது உப்பு சட்டென்று குறையும், உடலின் உப்பைச் சரிக்கட்டவும் நண்டு சக்தியைச் செலவழிக்கும். அந்த நாட்களில் புதிதாகப் பெட்டி நிரப்ப வேண்டாம்.