பைலட்டின் லேஓவர் சாப்பாட்டுச் செலவு: ரீஃபண்ட் ஏன் மாறவில்லை?

விமான நிறுவனத்தில் டபிள்யூ-2 (ஊழியருக்கான ஆண்டுச் சம்பளப் படிவம்) சம்பளம் வாங்கும் பைலட், லேஓவரில், அதாவது பயணங்களுக்கு நடுவே வெளியூரில் தங்கும்போது, கைக்காசு போட்டுச் சாப்பிட்ட செலவை அமெரிக்க ஃபெடரல் வரியில் கழிக்க முடியாது. 2018 முதல் ஊழியர்களுக்கு அந்தக் கழிவு இல்லை. நீங்கள் வரிக் கணக்கில் அந்தச் செலவுத் தொகையை நிரப்பியும் ரீஃபண்ட் அசையாததற்கு அநேகமாக இதுதான் காரணம். ஊழியர்கள் முன்பு வேலைச் செலவைக் கழிக்கப் பயன்படுத்திய 2106 படிவம் பற்றிய பழைய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நம்பாதீர்கள்.

அதைவிட, சம்பளச் சீட்டில் பெர் டைம் (பயணத்தில் சாப்பாட்டுக்கு நிறுவனம் தரும் படி) எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அன்றே திரும்பிய பயணத்தின் பெர் டைமுக்கு வரி உண்டு. இரவு தங்கியதற்கு, ஃபெடரல் வரம்புக்குள் இருந்தால், பொதுவாக இல்லை. வரியில்லாத அந்தத் தொகையும் டபிள்யூ-2 படிவத்தில் வரிக்குரிய சம்பளம் காட்டும் முதல் கட்டத்தில் (Box 1) சேர்ந்திருந்தால், சம்பளப் பிரிவிடம் திருத்தம் கேளுங்கள். விட்டுவிடாதீர்கள், அது உங்கள் பணம்.

கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களின் வரியில் மட்டும் சாப்பாட்டுச் செலவைக் கழிக்க இன்னும் இடமுண்டு, நிறுவனம் தந்தது போக மிச்சத்துக்கு. ஊழியராக இல்லாமல் 1099 படிவம் வாங்கும் ஒப்பந்த பைலட் என்றால் விதியே வேறு: சுயதொழில் வருமானம் காட்டும் ஷெட்யூல் சி-யில் சாப்பாட்டுச் செலவில் பொதுவாக 80 சதவீதம் கழியும்.