அல்சைமர் நோயை எப்படிக் கண்டறிகிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: 72 வயதாகும் என் தாயார் ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து முறை கேட்கிறார். ஆனால் தம் பள்ளி நாள்களில் நடந்தவற்றை அப்படியே சொல்கிறார். இவருக்கு அல்சைமர் இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். பழைய நினைவுகள் தெளிவாக இருப்பதைக் கண்டு குடும்பத்தார் ஆறுதல் அடைவதும், அதனாலேயே மருத்துவரைப் பார்ப்பது தள்ளிப்போவதும் வழக்கமாக நடப்பவை. புதிய செய்திகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸும் அதையொட்டிய மூளைப் பகுதிகளும் இந்நோயில் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவதால், காலையில் பேசியது மாலையில் மறந்துபோக, இளமையில் பதிந்தவை நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. ஒருவருடைய பெயர் சட்டென வராமல் சற்றுப் பொறுத்து வந்தால் அது வயதின் இயல்பு. நினைவூட்டிய பிறகும் அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாமல் இருப்பதும், பழகிய வழியில் தடுமாறுவதும், வரவு செலவைக் கவனிக்க இயலாமல் போவதும் பரிசோதனை தேவைப்படும் அறிகுறிகள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயல்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நோய் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. தொடக்க நிலையில் இந்நோயால் ஏற்படும் மூளைச் சுருக்கம் ஸ்கேனில் புலப்படாமல் இருக்கலாம். மூளைக் கட்டி, மண்டையோட்டுக்குள் இரத்தக் கசிவு, மூளையில் நீர் தேங்குதல், சிறு பக்கவாதங்கள் போன்ற வேறு காரணங்கள் உள்ளனவா என்று பார்ப்பதே ஸ்கேனின் முதல் நோக்கம். தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் இதற்காகத்தான். மனச்சோர்வும் மறதியைத் தரும். அது சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது என்பதால் அதைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: என் தந்தை பள்ளிக்கே போகாதவர். நினைவாற்றலைச் சோதிக்கும் 30 மதிப்பெண் தேர்வில் அவருக்கு 19 வந்தது. இதை வைத்து நோய் என்று சொல்லலாமா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. எழுதுவதையும் கழித்தல் கணக்கையும் கேட்கும் தேர்வில் கல்வி வாய்ப்பில்லாதவர் குறைவாக வாங்குவது எதிர்பார்க்கத் தக்கதே. மாறாக, நன்கு படித்தவர் நோய் தொடங்கிய பின்னும் 28 வாங்கிவிடலாம். உங்கள் தந்தை முன்பு எப்படி இருந்தார், இப்போது எந்தெந்த வேலைகளைக் கைவிட்டிருக்கிறார் என்பதே முக்கியம். அதை உடன் வாழ்பவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே? மறதி ஏதும் இல்லாத நான் செய்துகொள்ளலாமா?

பதில்: 1906-இல் அலோயிஸ் அல்சைமர் இந்நோயை முதன்முதலில் விவரித்தபோது, இறந்த நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தே நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். திட்டுகள் அமிலாய்டு புரதத்தாலும் இழைகள் டௌ புரதத்தாலும் ஆனவை என்பது பின்னர் தெரியவந்தது. இன்று பெட் ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்), தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவற்றின் மூலம் உயிருடன் இருக்கும்போதே இவற்றின் தடயத்தை அறிய முடிகிறது. இரத்தத்தில் இதை அளக்கும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி அளித்தது. ஆனால் அது 55 வயதோ அதற்கு மேலோ ஆன, அறிகுறிகள் உள்ளவர்களுக்கு மட்டுமே. அமிலாய்டு படிந்தும் வாழ்நாள் முழுவதும் மறதியே வராதவர்கள் உண்டு. எனவே நீங்கள் செய்துகொள்ள வேண்டாம் என்பேன்.

கேள்வி: என் பாட்டிக்கு இருந்தது. எனக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் இது நேரடியாகப் பரம்பரையாக வருவதில்லை. குடும்பத்தில் பலருக்கு 65 வயதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்த மாமனார் இன்று ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார். அல்சைமரா?

பதில்: ஒரே நாளில் அல்சைமர் வராது. தொற்று, நீரிழப்பு, பக்கவாதம், மருந்தின் விளைவு என எதுவாகவும் இருக்கலாம்; உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: முதல் முறை மருத்துவரிடம் செல்லும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை உட்பட அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள்; இவற்றில் சில மறதியை உண்டாக்கும். மாற்றம் எப்போது தொடங்கியது, முதலில் எதில் தெரிந்தது என்பதை எழுதிவைத்து, அவர் எதிரில் பேசத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.