அடிக்கு இறங்காத ஃப்ளை: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: ஆற்றில் ஃப்ளை (பூச்சிபோல் கொக்கியில் கட்டிய போலி இரை) வீசி ட்ரவுட் மீன் பிடிக்க மிதக்கும் லைனும் (வீசும் தடித்த கயிறு), அதன் முனையில் ஒன்பது அடி லீடரும் (மெலிந்துகொண்டே போகும் இழை) வைத்திருக்கிறேன். மீன் அடியில் கற்களை ஒட்டி இரை எடுப்பது கண்ணுக்கே தெரிகிறது. நான் போடும் நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம்பூச்சி வடிவ ஃப்ளை) மட்டும் அதன் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது. மூழ்கும் லைனும் அதைச் சுற்றிவைக்க ஒரு தனி ஸ்பூலும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடும் ஆற்றில் நிம்ஃப் போடுகிறவருக்கு மூழ்கும் லைன் உதவியைவிட உபத்திரவமாகவே இருக்கும். ஆற்றின் மேல்மட்டத்து நீர் வேகமாக ஓடும். அடியில் கற்களில் உரசுவதால் வேகம் குறையும். இந்த வேக வித்தியாசத்தில் லைன் வளைந்து ஃப்ளையை இழுக்கத் தொடங்கும்போது, மிதக்கும் லைன் என்றால் அதைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டுச் சரிசெய்துவிடலாம். லைன் நீருக்குள் போய்விட்டால் அது நடக்காது. இழுபட்டு வரும் நிம்ஃபை ட்ரவுட் பெரும்பாலும் சீண்டாது.

கையில் இருக்கும் பணத்தை ஃப்ளையின் தலையில், அதாவது அங்கே கோக்கும் உலோக மணியில் போடுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் எட்டரை கிராம் எடை, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. மணியின் அளவு மாறாமலே எடை கூடுகிறது என்பதுதான் இதில் விசேஷம். பித்தளைத் தலை வைத்த நிம்ஃப் நான்கைந்து வைத்திருந்தால், அதே அளவில் டங்ஸ்டன் தலை உள்ளதாக இரண்டு வகை வாங்குங்கள். உடல் மெலிந்து வழவழப்பாக இருக்கட்டும். முடியும் நாரும் அடர்த்தியாகக் கட்டிய ஃப்ளை பார்க்க அழகாக இருக்கும். இறங்கும்போது அந்த அடர்த்தியே நீரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பெயினிலிருந்து வந்த பெர்டிகோன் வகையில் உடல் முழுக்க வார்னிஷ் பூசி இழைத்திருப்பார்கள். ஆழத்துக்கென்றே செய்த ஃப்ளை அது. ஜிக் கொக்கியில் கட்டியது கிடைத்தால் இன்னும் நல்லது. கொக்கி முனை மேல்நோக்கி நிற்பதால் கல்லிடுக்கில் மாட்டுவது குறையும்.

அடுத்தது டிப்பெட், அதாவது லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழை. மிதமான மீன்களுக்கு 4எக்ஸ் (0.18 மி.மீ.) போதுமென்று அதையே பலரும் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். 5எக்ஸ் 0.15 மி.மீ. தான். கேட்க அற்ப வித்தியாசம். நான்கடி நீளம் நீரைக் கிழித்து இறங்கும்போது அது நன்றாகவே தெரியும். லீடரின் தடித்த பகுதி மேல்மட்டத்து வேக நீரில் கிடந்தால் அதுவே ஃப்ளையை மேலே தூக்கும்; அதனால் மெல்லிய டிப்பெட்டை நீளமாகக் கட்டுங்கள்.

மீதி வேலை கையில் இருக்கிறது, அதற்குச் செலவில்லை. மீன் நிற்கும் இடத்திலேயே போடாமல், ஓட்டம் வரும் பக்கமாக நல்ல தூரம் தள்ளிப் போடுங்கள். இறங்க நேரம் கிடைக்கும். கோலை உயரத்திலேயே சட்டென்று நிறுத்தினால் ஃப்ளை முதலில் நீரைத் தொட்டு, லீடர் அதன் பின்னால் தளர்வாக விழும். அந்தத் தளர்வில் ஃப்ளை தடையில்லாமல் நேரே கீழே போகும். அவ்வப்போது அடியில் தட்டுவது கையில் தெரிந்தாலோ, கொக்கியில் பாசி வந்தாலோ ஆழம் சரி. ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொண்டால் எடை அதிகம்.

கேள்வி: நைலானைவிட ஃப்ளோரோகார்பன் டிப்பெட் ஃப்ளையை ஆழத்துக்குக் கொண்டுபோகும் என்கிறார்களே?

பதில்: நைலானின் அடர்த்தி சுமார் 1.14, ஃப்ளோரோகார்பனுடையது சுமார் 1.78. அது கனமானது என்பது உண்மைதான். ஆனால் முடியளவு மெலிந்த இழையில் அந்தக் கனம் எவ்வளவு சேரும்? டங்ஸ்டன் மணிக்கு முன் ஒன்றுமில்லை. கல்லில் உரசினாலும் தாங்கும் என்பதற்காக வாங்குங்கள். ஆழத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சொந்தமாக ஃப்ளை கட்டுகிறேன். டங்ஸ்டன் என்று எழுதி விற்கும் மணிகளெல்லாம் டங்ஸ்டன்தானா? மேலே பூச்சு இருப்பதால் எதுவும் தெரியவில்லை.

பதில்: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தராசு சொல்லிவிடும். 0.01 கிராம்வரை காட்டும் சிறிய தராசு போதும். ஒரே ஒரு மணியை வைத்தால் முடிவு தடுமாறும். இருபது மணிகளை எண்ணி வையுங்கள். அதே மி.மீ. அளவில், அதே வகைத் துளையுள்ள பித்தளை மணிகள் இருபதை அடுத்து வையுங்கள். டங்ஸ்டன் ஏறத்தாழ இருமடங்கு காட்ட வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை என்றால் பொட்டலத்தோடு திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். கட்டி முடித்த ஃப்ளை என்றால் உயரமான கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீரில், அதே அளவுப் பித்தளைத்தலை ஃப்ளை ஒன்றோடு நனைத்து ஒன்றாக விடுங்கள்; டங்ஸ்டன் முந்தி அடிக்குப் போக வேண்டும். உறையில் உலோகத்தின் பெயரே இல்லாமல் ‘பீட் ஹெட்’ (மணித் தலை) என்று மட்டும் இருந்தால் பித்தளை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கேள்வி: டிப்பெட்டில் சிறு ஈயக்குண்டைக் கடித்து இறுக்கினால் மலிவாக முடிந்துவிடாதா?

பதில்: வேலை நடக்கும், ஆனால் ஈயம் வேண்டாம். அரைவைக்காகச் சிறு கற்களை விழுங்கும் நீர்ப்பறவைகள் இந்தக் குண்டுகளையும் விழுங்கி, ஈய நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையை 1987-இல் தடை செய்தார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலும் ஈயம் கூடாது. வெள்ளீயக் குண்டு வாங்குங்கள். எடை குறைவு என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே, ஒரு முடிச்சுக்கு மேற்புறமாக வைத்தால் நழுவி இறங்காது. ஃப்ளை மட்டுமே அனுமதிக்கும் சில நீர்நிலைகளில் லைனில் தனி எடை சேர்க்கவே கூடாது. அனுமதிச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் மூழ்கும் லைன் யாருக்குத்தான்?

பதில்: ஏரியில் ஆழத்தில் மீன் தேடுபவருக்கும், ஸ்ட்ரீமரை (சிறு மீன்போல் கட்டிய ஃப்ளை) இழுத்து இழுத்து மீட்பவருக்கும். அங்கே ஃப்ளை இழுபட வேண்டும், அதுவும் ஆழத்திலேயே இழுபட வேண்டும். மூழ்கும் லைனில் டைப் 3 என்றால் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று அங்குலம் இறங்கும். பத்தடி ஆழத்துக்கு நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் டைப் 6. எப்போதாவது ஒருமுறைதான் தேவை என்றால், மிதக்கும் லைனின் முனை வளையத்தில் கோத்துக்கொள்ளும் மூழ்கும் பாலிலீடர் (பூச்சுப் போட்ட லீடர்) ஒன்று போதும். ஸ்பூல் செலவும் மிச்சம்.